தீயை ஆளும் நீர்

நுழையும்முன்

தீயும் நீரும் ஒன்றுக்கொன்று பகை என்பது உலக வழக்கு. ஆனால், நாள்தோறும் நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான மகிழுந்துகளுக்குள்ளும் தீயும் நீரும் சில மில்லிமீட்டர் கனமே உள்ள உலோகச் சுவரின் இருபுறமும் நின்று பணிசெய்கின்றன. நீர் தன் கடமையில் தவறினால் தீ தன்னைத் தாங்கும் இயந்திரத்தையே அழித்துவிடும். அவ்வாறு நேராமல் காக்கும் குளிர்விப்பு அமைப்பின் இயல்பையும், அதில் தோன்றும் குறைகளையும், அவற்றை அறிந்து தீர்க்கும் வழிகளையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சித்திரை முழுநிலவும் செஞ்சிச் சாலையும்

திருவண்ணாமலையில் முழுநிலவு நாளன்று 14 கி.மீ. நீளமுள்ள பாதையில் மலையை வலம்வருவது நெடுநாள் வழக்கம். பெருங்கூட்டம் கூடும் நாள்களுள் ஒன்று சித்திரை முழுநிலவு. அன்று நகரை நோக்கி வரும் சாலைகள் அனைத்திலும் ஊர்திகள் எறும்பு வரிசைபோல் ஊர்ந்து செல்லும்.

அத்தகைய நாளொன்றில் சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாக ஒரு சிறிய மகிழுந்து வருவதாகக் கொள்வோம். உள்ளே முதிய பாட்டியும் குழந்தைகளுமாக ஐவர் இருக்கின்றனர். நெடுஞ்சாலையில் மூன்று மணிநேரம் ஓடியபோது ஊர்திக்கு எக்குறையும் இல்லை. நகரின் எல்லையை நெருங்கியதும் நெரிசல் தொடங்கியது. பிற்பகல் வெயில் 40 டிகிரி செல்சியசை எட்டிக்கொண்டிருந்தது. அரைமணி நேரம் ஊர்ந்த பின்னர், நடுவில் நின்றிருந்த வெப்பமானியின் முள் மெல்ல மெல்லச் சிவப்புக் கோட்டைத் தொட்டது. முன்மூடியின் இடுக்குகளிலிருந்து வெண்ணிற ஆவி எழுந்தது.

ஓட்டிவந்த இளைஞர் ஊர்தியை ஓரமாக நிறுத்தி, பானட்டைத் திறந்து, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகக் குனிந்தார். சாலையோரப் பழுதுபார்க்கும் கடையிலிருந்து ஒரு முதியவர் ஓடிவந்து, "தம்பி, மூடியத் தொடாதீங்க! வண்டி முதல்ல ஆறட்டும்" என்று அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

அந்த ஒரு சொல் இளைஞரின் முகத்தையும் கண்களையும் காத்தது. இந்நிகழ்வில் இரண்டு வினாக்கள் எழுகின்றன. நெடுஞ்சாலையில் விரைந்தபோது கொதிக்காத இயந்திரம், நகரில் ஊர்ந்தபோது ஏன் கொதித்தது? கொதிக்கும் இயந்திரத்தின் மூடியை ஏன் திறக்கலாகாது? இவற்றுக்கு விடை காண, இயந்திரத்தின் உள்ளே எரியும் தீயை முதலில் அறிதல் வேண்டும்.

மூடிய அறையில் எரியும் தீ

கார்த்திகைத் திங்களில் அண்ணாமலையின் உச்சியில் ஏற்றப்படும் தீபம் திறந்தவெளியில் எரிகிறது. அதன் வெப்பத்தைக் காற்று எடுத்துச் சென்றுவிடுகிறது. மகிழுந்தின் தீயோ உருளை எனப்படும் மூடிய உலோக அறைக்குள் எரிகிறது. பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை அங்கு எரியும்போது, வளிமங்களின் வெப்பநிலை ஒரு நொடியின் மிகச் சிறு கூறு நேரத்திற்கு 2000 டிகிரி செல்சியசையும் கடக்கிறது. உருளையின் தலைப்பகுதியும் பிஸ்டனும் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனவை. தூய அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும்.

நான்கு வீச்சு இயந்திரம் ஒன்று நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் சுழலும்போது, ஒவ்வோர் உருளையிலும் நொடிக்கு 25 முறை தீ மூளுகிறது. மூன்று உருளைகள் கொண்ட சிறிய மகிழுந்தில் நொடிக்கு 75 முறை தீ மூண்டு அணைகிறது. எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரங்களைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. எஞ்சிய பங்கின் பெரும்பகுதி இயந்திரத்தின் உலோகச் சுவர்களில் தங்குகிறது. அவ்வெப்பத்தை உடனுக்குடன் அகற்றாவிட்டால் மசகு எண்ணெய் தன் வழுவழுப்பை இழக்கும். பிஸ்டன் விரிந்து உருளைச் சுவரில் இறுகிக்கொள்ளும். ஓடிய இயந்திரம் அசையாத இரும்புக் கட்டியாகிவிடும்.

நீரின் சுற்றுப்பயணம்

வெப்பத்தைச் சுமந்து செல்ல நீரைவிட எளிய துணை வேறில்லை. ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 4.2 ஜூல் ஆற்றல் தேவை. இரும்புக்குத் தேவைப்படுவதைப்போல் இஃது ஏறத்தாழ ஒன்பது மடங்கு. ஆகவே, சிறிதளவு நீர்கூடப் பெரும் வெப்பத்தை ஏற்றுக்கொள்ளும். சிறிய மகிழுந்தின் குளிர்விப்பு அமைப்பில் ஏறத்தாழ நான்கு லிட்டர் நீர்மமே இருக்கிறது. அது மீண்டும் மீண்டும் சுற்றிவருவதால் போதுமானதாகிறது.

உருளைகளைச் சுற்றியுள்ள குழிவுகளில் நீர்மம் பாய்ந்து வெப்பத்தைப் பெறுகிறது. இயந்திரத்தோடு சுழலும் நீர்ப்பம்பு அதனை உந்துகிறது. மேல் ரப்பர்க் குழாய் வழியே ரேடியேட்டரை அடைந்த நீர்மம், அங்குள்ள மெல்லிய குழல்களில் பரவி, அவற்றோடு இணைந்த உலோக இதழ்களின் வழியே காற்றுக்கு வெப்பத்தை வழங்குகிறது. பின்னர்க் கீழ்க் குழாய் வழியே மீண்டும் இயந்திரத்தை அடைகிறது.

இப்பாதையில் காவலர்போல் நிற்பது தெர்மோஸ்டாட் என்னும் சிறு கருவி. அதன் உள்ளே மெழுகு அடைக்கப்பட்டுள்ளது. காலையில் ஊர்தியைக் கிளப்பும்போது நீர்மம் குளிர்ந்திருப்பதால் கருவி மூடியே இருக்கும். நீர்மம் ரேடியேட்டருக்குச் செல்லாமல் இயந்திரத்துக்குள்ளேயே சுற்றும். வெப்பநிலை 82 முதல் 88 டிகிரியை எட்டும்போது மெழுகு உருகி விரிந்து ஒரு தண்டைத் தள்ள, வாயில் திறக்கிறது. குளிர்விப்பு அமைப்பின் நோக்கம் இயந்திரத்தைச் சில்லென்று வைத்திருப்பது என்று பலர் எண்ணுவர். உண்மையில், மிகக் குளிர்ந்த இயந்திரமும் எரிபொருளை வீணாக்கும்; அதன் உறுப்புகளும் விரைந்து தேயும். மிகாமலும் குறையாமலும் வெப்பத்தை ஓர் அளவில் நிறுத்துவதே இவ்வமைப்பின் கடமை.

தெரிந்து தெளிவோம்

1886இல் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மகிழுந்தில் நீர் ஆவியாகி வெளியேறுவதன் வாயிலாகவே இயந்திரம் குளிர்ந்தது. அடிக்கடி நீர் ஊற்ற வேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்ஹெல்ம் மேபேக் தேன்கூடு வடிவ ரேடியேட்டரை அமைத்தார். அதில் 8,070 சிறு குழல்கள் இருந்தன. காற்றுப்படும் பரப்பு பெருகியதால் குறைந்த அளவு நீரே போதுமானதாயிற்று.

மூடியின் நுட்பம்

திறந்த பானையில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும். மலைமேல் காற்றழுத்தம் குறைவதால் கொதிநிலையும் குறையும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே நீர் கொதித்துவிடும். அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலையும் கூடும். நம் வீட்டு அழுத்தக் கலனில் பருப்பு விரைந்து வேகும் காரணமும் இதுவே.

ரேடியேட்டர் மூடி செய்வதும் அதே பணி. அதிலுள்ள சுருள்வில், வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 0.9 பார் மிகுதியான அழுத்தத்தை உள்ளே நிலைநிறுத்துகிறது. அதனால் வெறும் நீர்கூட ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காமல் நீர்மமாகவே இருக்கும். அழுத்தம் எல்லை மீறினால் மூடியின் அடைப்பிதழ் திறந்து, மிகுதியான நீர்மத்தைப் பக்கத்திலுள்ள சேமிப்புக் கலத்திற்கு அனுப்புகிறது. இயந்திரம் ஆறும்போது உள்ளே அழுத்தம் குறைவதால், மற்றோர் அடைப்பிதழ் திறந்து அந்நீர்மத்தை மீண்டும் உள்ளிழுத்துக்கொள்கிறது. இந்த மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டால், மற்ற உறுப்புகள் அனைத்தும் நல்ல நிலையில் இருந்தும் இயந்திரம் கொதிக்கக்கூடும்.

முதியவர் இளைஞரைத் தடுத்ததன் காரணம் இப்போது விளங்கும். உள்ளே 110 டிகிரியில் அடங்கியிருக்கும் நீர்மம், மூடி திறந்த கணத்தில் அழுத்தத்தை இழக்கிறது. அதன் ஒரு பகுதி நொடிப்பொழுதில் ஆவியாகிறது. நீர் ஆவியானால் அதன் பருமன் ஏறத்தாழ 1600 மடங்கு பெருகும். பெருகிய ஆவி, கொதிநீரையும் உடன் வாரிக்கொண்டு, திறந்தவரின் கையிலும் முகத்திலும் பீறிட்டு அடிக்கும். கையில் சுற்றிய துண்டு அதைத் தடுக்காது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பது பழமொழி. கொதிக்கும் இந்த உலையின் வாயைத் திறப்பதே பெருந்தீங்கு.

தெரிந்து தெளிவோம்

1990களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் பிரிட்டனில் நடத்திவந்த ரேடியேட்டர் மூடி உற்பத்திப் பிரிவைச் சென்னையைச் சேர்ந்த சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் நிறுவனம் வாங்கி, அதன் இயந்திரங்களைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது. இங்குச் செய்யப்பட்ட மூடிகள் அமெரிக்க மகிழுந்துகளைக் காத்தன. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருளின் தரத்தால் தமிழகத் தொழில்துறை உலக அரங்கில் பெயர்பெற்றதற்கு இஃது ஒரு சான்று.

ஊர்தி நின்றால் காற்றும் நிற்கும்

ரேடியேட்டர் வெப்பத்தைக் காற்றிடம் ஒப்படைக்கிறது. ஊர்தி விரைந்து ஓடும்போது எதிர்காற்றே போதுமானது. ஊர்ந்து செல்லும்போதும் நிற்கும்போதும் எதிர்காற்று இல்லை. அப்போது விசிறி காற்றை இழுத்துத் தர வேண்டும்.

பழைய அம்பாசிடர் மகிழுந்தில் இயந்திரம் நீளவாட்டில் அமைந்திருந்தது. விசிறியை இயந்திரமே தோல்பட்டை போன்ற வார்கொண்டு சுழற்றியது. நெரிசலில் இயந்திரம் மெல்லச் சுழன்றால் விசிறியும் மெல்லச் சுழலும். காற்று மிகுதியாகத் தேவைப்படும் நேரத்தில் அது குறைவாகவே கிடைத்தது. 1983ஆம் ஆண்டு திசம்பரில் வெளிவந்த மாருதி 800 இந்தியச் சாலைகளின் தோற்றத்தையே மாற்றியது. 796 கன செ.மீ. கொள்ளளவுள்ள அதன் மூன்று உருளை இயந்திரம் குறுக்குவாட்டில் அமைந்திருந்தது. அதனால் விசிறியை இயந்திரத்தின் வாரோடு இணைக்க இயலாமல் மின்விசிறி பொருத்தப்பட்டது. இயந்திரத்தின் வேகம் எதுவாயினும் மின்விசிறி முழு வேகத்தில் சுழலும். இவ்விரு மகிழுந்துகளின் உற்பத்தியும் 2014ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. மின்விசிறி முறையே இன்று சிறிய மகிழுந்துகளில் நிலைபெற்றுள்ளது.

ஒவ்வொரு நன்மையும் தனக்கேயுரிய ஒரு குறையை உடன்கொண்டு வருகிறது. மின்விசிறி இயங்க வெப்ப உணரி, ரிலே, ஃபியூஸ், கம்பியிணைப்பு, மோட்டார் ஆகிய அனைத்தும் சரியாக இருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று பழுதானாலும் விசிறி நின்றுவிடும். நெடுஞ்சாலையில் எதிர்காற்று இருப்பதால் அக்குறை வெளிப்படாது, நெரிசலில்தான் தெரியவரும். குளிர்சாதனத்தின் வெப்பமாற்றி ரேடியேட்டருக்கு முன்னால் அமைந்திருப்பதால், அது வெளியேற்றும் வெப்பமும் ரேடியேட்டர்மீதே வீசும். செஞ்சிச் சாலையில் நிகழ்ந்தது இதுவே. இயந்திரம் ஆறியபின் முதியவர் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, விசிறிக்குரிய ஃபியூஸ் எரிந்திருந்ததைக் காட்டினார். முதல் வினாவுக்கு விடை அந்தச் சிறு கம்பியில் இருந்தது.

கிணற்று நீர் ஏன் கூடாது?

கொதித்த இயந்திரத்திற்கு அருகிலுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றுவது பரவலான வழக்கம். ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீர். அதில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட் சூடேறும்போது கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெண்மையாய்ப் படியும் காறையை நாம் கண்டிருப்போம். அதே காறை ரேடியேட்டரின் மெல்லிய குழல்களிலும் படிந்து, பாதையைச் சுருக்கி, வெப்பம் கடத்தப்படுவதையும் தடுக்கிறது. உப்பு நீர் உலோகத்தையும் அரிக்கும்.

ஆகவே, காய்ச்சி வடித்த நீரோடு எத்திலீன் கிளைக்கால் சேர்ந்த கூலன்ட் பயன்படுத்தப்படுகிறது. சரிபாதியாகக் கலந்த கலவை, இயல்பான காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 107 டிகிரியில் கொதிக்கும். மூடியின் அழுத்தத்தில் அதன் கொதிநிலை 125 டிகிரியைக் கடந்துவிடும். அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்களும் அதில் உள்ளன. அவை நாளடைவில் வலுவிழப்பதால், தயாரிப்பாளர் குறித்த காலத்தில் கூலன்ட்டை மாற்ற வேண்டும்.

எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. தரையில் சிந்திய கூலன்ட்டை நாய்கள் நக்கி இறப்பதுண்டு. குழந்தைகளுக்கும் அது கேடு தரும். அதனை நீர்நிலைகளிலோ தெருச் சாக்கடைகளிலோ ஊற்றுதல் அறமன்று. தன் ஊர்தியைக் காப்பவர் தம்மைச் சுற்றியுள்ள உயிர்களையும் காக்கக் கடமைப்பட்டவர்.

அறிகுறியும் காரணமும்

நாடி பார்க்கும் மருத்துவர் நோயின் மூலத்தைத் தேடுவதுபோல், தேர்ந்த தொழிலாளர் இயந்திரம் எப்போது கொதிக்கிறது என்பதை முதலில் கேட்டறிவார்.

• நெரிசலில் மட்டும் கொதித்தால், விசிறியும் அதன் மின்னிணைப்புகளும் ஐயத்திற்குரியவை.
• நெடுஞ்சாலை வேகத்திலும் கொதித்தால், ரேடியேட்டர் அடைப்பு, தளர்ந்த குழாய், பழுதான நீர்ப்பம்பு ஆகியவற்றை ஆராய வேண்டும்.
• கிளப்பிய சில நிமிடங்களிலேயே கொதித்தால், நீர்மம் குறைந்திருக்கலாம். தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கலாம்.
• நெடுநேரம் ஓடியும் இயந்திரம் உரிய வெப்பநிலையை எட்டாவிட்டால், தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றிருக்கலாம்.
• வெளியே கசிவு தெரியாமல் நீர்மம் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் கேஸ்கட் என்னும் தகடு பழுதுற்றிருக்கலாம்.

இறுதியாகக் கூறியதைப் பட்டறைகளில் "வண்டி தண்ணி குடிக்குது" என்பர். அலுமினியத் தலைப்பகுதி, இரும்பாலான அடிப்பகுதியைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும் இயல்புடையது. மிகை வெப்பத்தில் தலைப்பகுதி வளைந்து, இடையிலுள்ள தகட்டின் பிடி தளர்கிறது. நீர்மம் எரிதல் அறைக்குள் புகுந்தால் இனிப்பு மணமுள்ள வெண்புகை தொடர்ந்து வெளியேறும்; மசகு எண்ணெயில் கலந்தால் எண்ணெய் பாலூற்றிய தேநீர்போல் நிறம் மாறும். ஒரு குழாயையோ மூடியையோ உரிய காலத்தில் மாற்றியிருந்தால் சிறு செலவில் முடிந்திருக்கும் பணி, இயந்திரத்தையே பிரித்துச் சீர்செய்யும் பெருஞ்செலவாகிவிடும். வாடகை ஊர்தி ஓட்டிப் பிழைப்போர்க்கு அது பல நாள் வருவாயின் இழப்பு.

கொதிக்கும்போது செய்யத்தக்கன

வெப்பமானியின் முள் உயரத் தொடங்கியதும் குளிர்சாதனத்தை நிறுத்த வேண்டும். ஊர்தியில் வெப்பமூட்டி இருந்தால் அதனை முழு அளவில் இயக்கலாம். அது இயந்திரத்தின் வெப்பத்தில் ஒரு பகுதியை வெளியேற்றும். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டாலோ எச்சரிக்கை விளக்கு சிவந்தாலோ பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட வேண்டும். "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டுவதே பெரும்பாலான இயந்திரங்களைப் பாழாக்குகிறது.

ஆவி அடங்கியபின் பானட்டைத் திறந்து, அரைமணி நேரத்திற்குக் குறையாமல் காத்திருத்தல் நன்று. மின்விசிறி இயந்திரம் நின்ற பின்னரும் திடீரெனச் சுழலக்கூடும் என்பதால் கையை அருகில் கொண்டுசெல்லலாகாது. மேல் ரப்பர்க் குழாய் கைக்குச் சூடின்றி, அழுத்தினால் இளகும் நிலையை அடைந்த பின்னரே மூடியை மெல்லத் திருக வேண்டும். சூடான இயந்திரத்தில் குளிர்நீரைக் கொட்டினால் உலோகம் விரிசலுறும். கூலன்ட் கிடைக்காத இக்கட்டில் தூய குடிநீரை ஊற்றி அருகிலுள்ள பட்டறையை அடையலாம். பின்னர் அதனை மாற்றிவிட வேண்டும்.

இவை அனைத்தினும் சிறந்தது வருமுன் காத்தல். காலையில் இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது சேமிப்புக் கலத்தின் இரு கோடுகளுக்கிடையே நீர்மம் உள்ளதா எனப் பார்க்க ஒரு நிமிடமும் ஆகாது.

பட்டறையும் ஒரு பள்ளி

புதிய ஃபியூஸ் பொருத்தப்பட்டதும் விசிறி சுழன்றது. குறைந்திருந்த நீர்மத்தை நிரப்பியபின் இயந்திரம் சீராக ஓடியது. மாலை மயங்கி நிலவு எழுந்தபோது அந்தக் குடும்பம் மலைவலப் பாதையை அடைந்தது. முதியவரின் கைகளில் பழைய தீத்தழும்புகள் இருந்ததை இளைஞர் அப்போதுதான் நினைத்துப் பார்த்தார். மூடியைத் தொடாதே என்னும் அறிவை முதியவர் ஏட்டில் கற்கவில்லை. தம் தோலில் கற்றிருந்தார்.

வகுப்பறையில் நாம் கற்கும் கொதிநிலையும் அழுத்தமும் வெப்ப விரிவும், பட்டறையில் எண்ணெய்க் கறை படிந்த கைகளுக்கு நாள்தோறும் பழகிய உண்மைகள். ஏட்டறிவு காரணத்தைக் கூறும். தொழிலறிவு காலத்தே கையைப் பிடித்து நிறுத்தும். இரண்டையும் ஒருங்கே மதிக்கக் கற்பவரே முழுமையாகக் கற்றவர்.

கலைச்சொற்கள்

ரேடியேட்டர் – கதிர்வீசி
தெர்மோஸ்டாட் – வெப்பநிலைக் காப்பி
கூலன்ட் – குளிர்விப்பு நீர்மம்
சிலிண்டர் – உருளை
வால்வு – அடைப்பிதழ்
சென்சார் – உணரி

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலுள்ள பட்டறை ஒன்றுக்குச் சென்று, தொழிலாளர் வழங்கும் சொற்கள் இருபதைத் திரட்டி, அவற்றுக்குரிய தமிழ்க் கலைச்சொற்களோடு அட்டவணையாக்குக.
2. 'ஏட்டறிவும் தொழிலறிவும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

நம்மை அளவிடுவோம்

பலவுள் தெரிக

1. நெரிசலில் மட்டும் இயந்திரம் கொதித்தால் முதலில் ஆராயத்தக்கது
அ) தெர்மோஸ்டாட் ஆ) மின்விசிறி இ) மசகு எண்ணெய் ஈ) புகைபோக்கி

2. ரேடியேட்டர் குழல்களில் படியும் காறை
அ) கால்சியம் கார்பனேட் ஆ) எத்திலீன் கிளைக்கால் இ) மெழுகு ஈ) அலுமினியம்

குறுவினா

1. தெர்மோஸ்டாட்டில் மெழுகின் பணி யாது?
2. 'வண்டி தண்ணி குடிக்குது' – இத்தொடர் உணர்த்தும் குறை யாது?

சிறுவினா

1. கொதிக்கும் இயந்திரத்தின் மூடியைத் திறக்கலாகாது. ஏன்?
2. ஆழ்துளைக் கிணற்று நீரைக் குளிர்விப்புக்குப் பயன்படுத்துவதால் விளையும் கேடுகளை எழுதுக.

நெடுவினா

செஞ்சிச் சாலை நிகழ்வைக் கொண்டு, மகிழுந்தின் குளிர்விப்பு அமைப்பு செயல்படும் முறையையும் அதில் தோன்றும் குறைகளையும் விளக்குக.